மேடையில் எங்கே சிக்குகிறது? பேச்சுக் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

சேலத்தில் மேடைக்குப் பஞ்சம் கிடையாது. ஆடி வந்தால் மாரியம்மன் பண்டிகை, ஆகஸ்ட் 15-க்குப் பள்ளிக்கூட விழா, நடுநடுவே பணி நிறைவு, சங்கக் கூட்டம், படத்திறப்பு. வருஷம் முழுக்க யாரோ ஒருவர் கையில் மைக்கைக் கொடுத்து "நாலு வார்த்தை பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த காலத்திலிருந்தே பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து வருகிறேன். இப்போது பெரியவர்களும் வருகிறார்கள். வந்ததும் எல்லோரும் சொல்வது "எனக்கு மேடை பயம் டீச்சர்" என்பதுதான். பேச வைத்துப் பார்த்தால் பயம் கால் பங்குதான் இருக்கும். மீதி முக்கால் பங்கு கையிலிருக்கும் தாளில் இருக்கும். கண்ணுக்காக எழுதியதைக் காதுக்குக் கொடுக்கப் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். அந்தச் சிக்கலுக்குப் பயம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

உங்கள் கோளாறு கீழே எந்தத் தலைப்பில் இருக்கிறதோ, அங்கே நேராகப் போங்கள். அதற்கு முன் ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள்.

முதல் சோதனை: மூன்று தடவை பேசிப் பாருங்கள்

கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி, சத்தமாக ஒரு தடவை பேசுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்து வீட்டில் ஒருவரை எதிரில் உட்கார வைத்து ஒரு தடவை. மூன்றாவது, தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் முன்னால்.

தனியாகப் பேசும்போதே தடுக்கினால் கோளாறு தாளில் இருக்கிறது. எத்தனை தைரியம் வரவழைத்தாலும் அது போகாது. திருத்தி எழுதத்தான் வேண்டும். தனியாகச் சரியாக வந்து, ஒருவர் எதிரில் உட்கார்ந்ததும் தடுமாறினால், மனப்பாடம் செய்த முறை தவறு. இரண்டும் சரி, கூட்டத்தில் மட்டும்தான் சிக்கல் என்றால் உடம்பையும் மைக்கையும் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தாளில் இருக்கிற கோளாறுக்கு மூச்சுப் பயிற்சி செய்து மாதக்கணக்கில் அலுத்துப்போனவர்களை எனக்குத் தெரியும்.

"பேசுற மாதிரி இல்லை, படிக்கிற மாதிரி இருக்கு"

அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி, தொழில்காரர்கள் கூட்டத்தில் பேசுவதற்காக எழுதிக்கொண்டு வந்தார். தாளில் முதல் வாக்கியம் இது:

"வெள்ளி விலையின் தொடர் ஏற்ற இறக்கத்தினால் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ள நமது கொலுசு உற்பத்தியாளர்களின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கும் பொருட்டு உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட வேண்டும் என்பதை இத்தருணத்தில் வலியுறுத்த விரும்புகிறேன்."

இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. ஆனால் தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "விரும்புகிறேன்" வருகிற வரைக்கும் கேட்பவர் மற்ற அத்தனை சொல்லையும் தலையில் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். படிக்கிறவருக்கு மேலே போய் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ள வழி உண்டு. கேட்கிறவருக்கு அது இல்லை. பாதியில் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் பேசத் தொடங்கிவிடுவார்.

தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்லுங்க தம்பி" என்றேன். அவர் சொன்னார்: "காலையில ஒரு விலைக்கு வெள்ளி வாங்குறோம் டீச்சர். கொலுசு பட்டறையை விட்டு வெளிய போறதுக்குள்ள விலை இறங்கிடுது. கடைக்காரர் இன்னைக்கு விலைதான் போடுவேங்கிறார். பத்த வைக்கிறவருக்கும் மெருகு போடுறவருக்கும் கூலி குடுத்தாகணும். மிச்சம் என்ன இருக்கு?"

இதுதான் பேச்சு. இதை அப்படியே எழுதச் சொன்னேன். அவர் மாற்றியது இரண்டு மூன்று இடம்தான்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். எழுதுவதற்கு முன்னால் யாரிடமாவது வாயால் சொல்லுங்கள், பதிவு செய்யுங்கள், பிறகு அதைக் கேட்டு எழுதுங்கள். ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள் என்றால் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். மூச்சு முட்டினால் அங்கே வெட்டுங்கள். "மேற்கொள்ளப்பட்டது", "வழங்கப்பட்டது" வருகிற இடத்திலெல்லாம் செய்தவர் யார் என்று கேட்டு, அவரை வாக்கியத்தின் முன்னால் நிறுத்துங்கள். "இத்தருணத்தில்", "என்பதைத் தெரிவித்துக்கொள்ள விரும்புகிறேன்" இவற்றை எடுத்துவிட்டால் பேச்சு எடை குறையும், பொருள் குறையாது.

"மேடையேறினா என் தமிழே மாறிப்போகுது"

எழுத்துத் தமிழில் பேசுவதா, வீட்டுத் தமிழில் பேசுவதா என்று பலரும் கேட்கிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். கருத்தைச் சொல்லும்போது எளிய எழுத்துத் தமிழ் இருக்கட்டும். நடந்ததைச் சொல்லும்போது, அதிலும் ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது, அவர் வாயில் வந்தபடியே சொல்லுங்கள். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் கலப்பதுதான் காதில் உறுத்தும். "அவர்கள் வந்தாங்க, பின்னர் உரையாற்றினர்" என்றால் எந்தப் பக்கமும் சேராது.

ல, ள, ழ வேறுபாட்டில் சறுக்குகிறவர்கள் பேச்சு முழுவதையும் திருத்த வேண்டாம். சறுக்குகிற சொற்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அவற்றை மட்டும் தனியாக எழுதி, தினம் பத்துத் தடவை, மெதுவாக. போதும்.

"நடுவுல மறந்து போச்சு"

மறதி என்று இதைச் சொல்லக் கூடாது. சொல்லுக்குச் சொல் சங்கிலியாகக் கோத்து மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் போய்விடும். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது பத்தி மாறுகிற இடமாக இருக்கும். "மேலும்", "அதுமட்டுமன்றி", "இவ்வாறாக" என்று தொடங்கும் பத்தியாக இருக்கும். முந்தைய பத்தியிலிருந்து இதற்கு வருவதற்குக் காரணம் எதுவும் எழுதாமல் ஒட்டுச் சொல் போட்டிருப்பீர்கள். மனதுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

ஏற்காட்டில் ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஒரு மாணவி வந்தாள். தலைப்பு, மலையில் சேரும் பிளாஸ்டிக். ஆறு பக்கம் மனப்பாடம். மூன்றாவது பக்கம் தொடக்கத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவாள். "அந்த இடம் வந்தா இருட்டிடுது டீச்சர்" என்றாள். அவள் தினம் பஸ்ஸில் ஏறி இறங்குகிற மலைப்பாதையைப் பற்றிக் கேட்டேன். அடிவாரத்திலிருந்து மேலே வரை 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொன்னாள்: அடிவாரத்துச் சோதனைச்சாவடி, குரங்குகள் உட்கார்ந்திருக்கும் தடுப்புச் சுவர், கீழே சேலம் முழுக்கத் தெரிகிற வளைவு, மழைக்காலத்தில் தண்ணீர் குறுக்கே ஓடுகிற இடம், கடைசியில் ஒண்டிக்கடைச் சந்திப்பும் ஏரியும். ஒன்றைக்கூட விடவில்லை.

பேச்சை அந்தப் பாதையிலேயே ஏற்றி வைத்தோம். சோதனைச்சாவடியில், மேலே ஏறிவரும் தண்ணீர் பாட்டில்கள். சுவரில், சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கக் கற்றுக்கொண்ட குரங்குகள். நகரம் தெரியும் வளைவில், அதைக் கொண்டுவருகிறவர்கள் யார் என்ற கேள்வி. தண்ணீர் ஓடும் இடத்தில், போட்ட குப்பை மழையோடு எங்கே போகிறது என்பது. ஏரிக்கரையில், கேட்பவர்கள் செய்ய வேண்டிய ஒரே காரியம். ஆறு பக்கம் இரண்டரைப் பக்கமானது. வீட்டின் அறைகளை மனதில் நடந்து பார்த்துப் பேச்சை நினைவு வைப்பது கிரேக்கப் பேச்சாளர்களும் ரோமானியப் பேச்சாளர்களும் செய்த வேலைதான். இவளுக்கு வீட்டை விடப் பாதை நன்றாகத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

போட்டியன்று நகரம் தெரியும் வளைவில் ஒரு தடவை நின்றாள். நாலு விநாடி இருக்கும். கூட்டம் அதை நிறுத்தம் என்று எடுத்துக்கொண்டு அவளையே பார்த்தது. அடுத்த வளைவுக்குப் போய்விட்டாள்.

உங்களுக்கு மலைப்பாதை தெரியாவிட்டால் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் போகிற வழி போதும். ஐந்து இடம், ஐந்து கருத்து. முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடமாக இருக்கட்டும்.

மேடையிலேயே இருட்டிவிட்டால்? கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மெதுவாக இன்னொரு தடவை சொல்லுங்கள். பாதி நேரம் அதுவே அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். வராவிட்டால் கையில் வைத்திருக்கும் குறிப்பு அட்டையைப் பாருங்கள். "மன்னிக்கணும், மறந்துட்டேன்" என்று நீங்களாகச் சொல்லாத வரைக்கும் கேட்பவருக்கு அது தெரியப்போவதில்லை. தாளில் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாதே.

"நாக்கு வறண்டு, கை நடுங்குது"

இது உடம்பு. ஆபத்து என்று நினைத்ததும் உடம்பு அட்ரீனலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், எச்சில் குறையும், விரல் நடுங்கும். வருஷக்கணக்காகப் பேசுகிறவர்களுக்கும் முதல் நிமிடம் இது உண்டு. அதை நிறுத்தப் போராடாதீர்கள். அடங்க வழி செய்யுங்கள்.

பெயர் கூப்பிடுவதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, உள்ளே இழுக்கிற மூச்சை விட வெளியே விடுகிற மூச்சு இரண்டு பங்கு நீளமாக இருக்கும்படி ஐந்தாறு தடவை விடுங்கள். துடிப்பு குறைவது உங்களுக்கே தெரியும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மடக்கு. ஏற்காட்டுக் காபி எத்தனை நன்றாக இருந்தாலும் பேசிவிட்டு வந்து குடியுங்கள். ஏற்கெனவே படபடக்கிற நெஞ்சை அது இன்னும் விரட்டும். நாலாக மடித்த மெல்லிய தாள் கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதே குறிப்பைக் கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டால் நடுக்கம் தெரியாது.

கூட்டம் வருவதற்கு முன்பே போய் மேடையில் ஏறி நின்று பாருங்கள். முடிந்தால் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் நாலு பேரிடம் எங்கிருந்து வந்தீர்கள், என்ன வேலை என்று பேசிவையுங்கள். திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். அந்த வரிசையை நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வதுண்டு. எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்த பிறகுதான் அச்சம் விலகும்.

"நல்லா கத்திப் பேசினேன், யாருக்கும் புரியலையாம்"

கத்தியதால்தான் புரியவில்லை. கோயில் பண்டிகையிலும் தெருக் கூட்டத்திலும் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். அதில் கனத்த ஒலி எடுபடாது. குரலைத் தாழ்த்திக் கம்பீரமாகப் பேசினால் வெறும் முணுமுணுப்புதான் போய்ச் சேரும். அடுத்தது எதிரொலி. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பக்கத்தில் ஒரு குழாய், 170 மீட்டர் தள்ளித் தெருமுனையில் இன்னொரு குழாய் என்றால், முதல் குழாய்க்குக் கீழே நிற்பவருக்கு உங்கள் சொல் இரண்டு தடவை கேட்கும். இரண்டாவது அரை விநாடி தாமதமாக வரும். வேகமாகப் பேசினால் அந்த அரை விநாடியில் அடுத்த சொல்லைப் போட்டு முந்தைய சொல்லின் மேல் ஏற்றிவிடுவீர்கள். அதனால் குழாய் கட்டிய இடத்தில் சின்ன வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு நிறுத்தம். உங்கள் சொல் தெருமுனையிலிருந்து திரும்பி வருவது காதில் விழும். அது வந்ததும் அடுத்ததைத் தொடங்குங்கள்.

மைக் கீச்சிட்டால் பலரும் பதறிப்போய் அதன் தலையைக் கையால் பொத்துவார்கள். அது இன்னும் கத்தும். மேடை மைக் முன்னால் வருகிற ஒலியை அதிகமாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் எடுக்கும்படி செய்தது. அதற்கான வழி வலைத் தலைக்குள்ளேயே இருக்கிறது. பொத்தினால் அந்த வழி அடைபட்டு எல்லாப் பக்கத்து ஒலியையும் இழுக்கும். ஒலிபெருக்கியில் வருவது திரும்ப மைக்குக்குள் போய் மறுபடி வெளியே வந்து சுற்றுவதுதான் அந்தக் கீச்சு. தண்டைப் பிடியுங்கள், ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், மைக்கை அதன் பக்கம் திருப்பாதீர்கள். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. "ப" வரும்போது பட்பட்டென்று வெடித்தால் மைக்கைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால் போதும்.

தகரக் கூரை போட்ட கொட்டகையில் மழை பிடித்துக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். மலையில் இது அடிக்கடி நடக்கும். மழையோடு போட்டி போட்டுத் தொண்டையைக் கிழித்துக்கொள்வதை விட இரண்டு நிமிடம் காத்திருக்கலாம்.

"பாதியிலேயே மணி அடிச்சுட்டாங்க"

கணக்குப் போடுங்கள். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல் வருகிறது; இது என் பிள்ளைகளை வைத்து நான் எண்ணிப் பார்த்தது. ஐந்து நிமிடம் என்றால் 450. நிறுத்தங்களுக்கு விட்டு 400 எழுதுங்கள். இன்னொரு கணக்கு: "மாண்புமிகு", "பெருமதிப்பிற்குரிய" என்று அடைமொழியோடு ஒரு பெயர் சொல்ல எட்டு விநாடி. பன்னிரண்டு பேர் என்றால் 96 விநாடி. ஐந்து நிமிடத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் "அவர்களே" என்பதிலேயே போய்விட்டது. தலைவர் பெயரை மட்டும் சொல்லி, "மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும் எதிரில் இருக்கும் உங்களுக்கும் வணக்கம்" என்று சேர்த்துவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எந்தப் பத்தியை விட்டாலும் பேச்சு குலையாது என்பதை முன்பே பார்த்து, அதன் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். மணி அடித்தால் அந்தப் பத்தியைத் தாண்டி முடிவுக்குப் போகலாம்.

"கைதட்டு வருது, ஆனா என்ன பேசினேன்னு யாருக்கும் நினைவில்லை"

இந்த ஊரில் இந்தக் கோளாறு அதிகம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. வசனத்துக்காகவே மக்கள் படம் பார்த்த காலத்தின் அடையாளம் அது. அடுக்குமொழி நம் காதில் ஊறியிருக்கிறது. எதுகை மோனை விழுந்தால் கை தானாகத் தட்டும். தட்டட்டும், தப்பில்லை. ஆனால் ஓசைக்காகச் சேர்த்த சொல் ஓசையோடு போய்விடும்.

நீதிக்கட்சி திராவிடர் கழகமானது 1944 ஆகஸ்டில், இதே சேலத்தில் நடந்த மாநாட்டில். அடுக்குமொழிக்குப் பேர்போன அண்ணாதான் அங்கே தீர்மானம் கொண்டுவந்தார். அந்தத் தீர்மானம் கேட்டது என்ன? ஆங்கிலேய அரசு கொடுத்த ராவ் பகதூர் மாதிரியான பட்டங்களை விட்டுவிடுங்கள் என்றது. கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் செய்ய முடிந்த, செய்யாவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடுகிற ஒரு காரியம். உங்கள் பேச்சிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். "விழிப்புணர்வு பெறுவோம்" என்பது காரியம் ஆகாது. "நாளைக்கு மலையேறும்போது பாட்டிலை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வாருங்கள்" என்பது காரியம்.

"கையை எங்க வைக்கிறதுன்னு தெரியலை"

ஒரு கையில் மைக், மறு கையில் அட்டை. தீர்ந்தது. மைக் தாங்கியில் இருந்தால் கைகளைப் பக்கத்தில் தொங்க விடுங்கள். சொல்கிற விஷயத்தில் மனம் போனதும் அவை தானாக எழும்பும்.

"முடிக்கத் தெரியலை"

"இறுதியாக" என்று மூன்று தடவை சொல்கிறவர் முடிவை எழுதாமல் மேடையேறியவர். கடைசி வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். பேச்சு அதை நோக்கித்தான் நடக்க வேண்டும். அந்த வாக்கியத்தைச் சொன்னதும் இரண்டு விநாடி நில்லுங்கள். அப்புறம் நன்றி, வணக்கம். பேசும்போது விட்டுப்போனது ஞாபகம் வந்தாலும் திரும்பி வராதீர்கள்.

"எல்லாம் சரி, பழக மேடை கிடைக்கலையே"

கிராமத்தில் இருந்தால் வருஷத்துக்கு ஆறு நாள் உங்களுக்காகவே மேடை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாக்காளராக இருந்தால் எழுந்து பேசலாம். யாரும் பரிசும் தரமாட்டார்கள், மணியும் அடிக்கமாட்டார்கள். எதிரில் இருப்பவர்கள் தெரிந்த முகம். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் தெருக் குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, எத்தனை குடம் கிடைக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். அட்டையில் மூன்று வரி. இரண்டு நிமிடம். பேசிவிட்டு, தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.